பிள்ளைகளின் நட்பும் பெற்றோரின் பங்கும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் கல்வியைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதுவர். எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கு இம்மலரின் வேறு பக்கங்களில் வரும், வரவும் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அக்கணக்கில் வாராத ஒன்று. பள்ளிக்குச் சென்ற நம் பிள்ளை அங்கே யாரோடு பேசினான், யாரோடு விளையாடினான், யார் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு திரும்பினான் என்பதே அது. இதனைச் சிறுபிள்ளை விவகாரம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஆனால் நம் மக்களின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், புத்தகம் மறுக்கப்பட்ட துயரத்திற்குச் சற்றும் குறையாததாக நட்பு மறுக்கப்பட்ட துயரம் அதில் நிறைந்திருக்கக் காணலாம். அம்மறுப்பு பள்ளியில் நிகழ்ந்தது என்பது உண்மை. ஆனால் அது பிறந்த இடம் பள்ளியன்று, வீடு.

முதலில் நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் இளமைக் காலத்தை நோக்குவோம். 1939-இல் வெளிவந்த தம் சுருக்கமான தன்வரலாற்றில் அவர் தம் பள்ளி நாட்களைப் பற்றிச் சில வரிகளே எழுதியுள்ளார். அச்சில வரிகளைப் படித்துவிட்டு மனம் கலங்காதிருத்தல் அரிது. கோயம்புத்தூரில் அவர் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். பத்துப் பேர் நீங்கலாக மற்றவர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். அவர்களோடு சிநேகம் கொண்டால் தம் சாதி, குடும்பம், இருப்பிடம் ஆகியவற்றை அறிந்துகொள்வார்கள், அறிந்தபின் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பிற்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர் தம்மை எட்டாதபடி வேகமாக நடந்து வீட்டிற்குப் போய்ச் சேருவார். பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத கொடுமையை எண்ணி எண்ணி அவர் மனம் வருந்தினார்.

இளைஞர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அச்சிறுவனை அக்கலாசாலையில் யாரும் அடித்ததாக அவர் எழுதவில்லை. அவர் எழுதியது அடிக்கு முன்னரே வரும் அச்சத்தைப் பற்றி. கேள்வி கேட்கப்படும் முன்னரே பதிலை ஒளித்துக்கொண்டு ஓடிய ஒரு பிள்ளையின் வேகமான நடையைப் பற்றி. கணக்கும் இலக்கணமும் அவர் கற்றார். உடன் பயிலும் ஒருவனிடம் சண்டையிட்டுப் பின் சமாதானமாகும் எளிய கல்வி அவருக்கு அங்கே கிடைக்கவில்லை. மற்ற நானூறு பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் தத்தம் வீட்டில் கற்ற பாடம், பிற்காலத்தில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமரவிருந்த ஒருவரைத் தம் வகுப்புத் தோழராகக் கொள்ளும் வாய்ப்பை அவர்களிடமிருந்தும் பறித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதியை ஒளித்து நடந்த அதே சிறுவர் வளர்ந்து 1893-இல் ஓர் இதழைத் தொடங்கியபோது, எப்பெயர் வெளியே தெரியக்கூடாது என்று அஞ்சினாரோ அப்பெயரையே அவ்விதழுக்கு இட்டார். 'பறையன்' என்பதே அவ்விதழின் பெயர். அப்பெயரை அட்டையில் அச்சிட எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை, பள்ளியில் சாதியைச் சொல்லத் தயங்கிய எவரும் அறிவர்.

அடுத்து அண்ணல் அம்பேத்கரின் இளமைக்கு வருவோம். அங்கே வீடு என்ன செய்தது என்பது இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. 1891-இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே தாயை இழந்தார். அத்தையின் வளர்ப்பில் இருந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். சாத்தாராவில் பள்ளியில் பயின்றபோது அண்ணல் வகுப்பின் மூலையில் தனியே கோணியின்மேல் அமர வேண்டும். அக்கோணியை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து அவரே எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளியைக் கூட்டும் பணியாள் அதனைத் தொடமாட்டான். தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பள்ளிச் சேவகன் வர வேண்டும். சேவகன் இல்லையேல் தண்ணீர் இல்லை. ஊரில் முடிவெட்டுவோர் பலர் இருந்தும் இவர்களுக்கு வெட்டமாட்டார்கள். ஆகவே வீட்டில் அக்காளே அவருக்கும் அவர் அண்ணனுக்கும் முடி வெட்டிவிட்டார். ஊர் செய்ய மறுத்ததை வீடு செய்தது. பெற்றோரின் பங்கு என்று பேசும்போது பெரிய தத்துவங்களைத் தேடுகின்றோம். தம்பியின் தலையில் கத்தரிக்கோல் வைத்த அந்த அக்காளை நினைப்பதில்லை.

1901-இல் நிகழ்ந்த ஒரு பயணத்தை அண்ணல் தாமே எழுதி வைத்துள்ளார். தந்தை அப்போது கோரேகாவில் காசாளர் பணியில் இருந்தார். கோடை விடுமுறைக்கு வருமாறு பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். அண்ணலும் அவர் அண்ணனும் அக்காளின் பிள்ளைகள் இருவரும் புத்தாடையும் தொப்பியும் அணிந்து மகிழ்ச்சியோடு ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்கினர். இவர்கள் எழுதிய கடிதம் தந்தையின் கைக்குச் சேராமையால் அழைத்துச் செல்ல ஆள் வரவில்லை. நல்ல உடையைக் கண்டு பரிவோடு விசாரித்த நிலைய அதிகாரியிடம், ஒன்பது வயதுச் சிறுவர் சற்றும் யோசியாமல் 'நாங்கள் மகார்கள்' என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவ்வதிகாரியின் முகம் மாறியது. வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இறுதியில் இரட்டிப்புக் கூலி தருவதாகவும், பிள்ளைகளே வண்டியை ஓட்டுவதாகவும், வண்டிக்காரன் உடன் நடந்து வருவதாகவும் ஓர் ஏற்பாடு ஆயிற்று. கையில் உணவிருந்தும் குடிக்க நீரில்லை. நள்ளிரவில் சுங்கச்சாவடி ஒன்றை அடைந்தபோது, அதே சிறுவர் தம்மை முஸ்லிம் என்று உருதுவில் சொல்லிக்கொண்டு தண்ணீர் கேட்டார். அப்போதும் கிடைக்கவில்லை. பசியும் தாகமுமாக வண்டியிலேயே கிடந்து மறுநாள்தான் தந்தையிடம் சேர்ந்தனர்.

பகலில் உண்மையைச் சொன்ன வாய் இரவில் வேறு பெயர் சொல்ல நேர்ந்தது. இரட்டைமலையார் பள்ளியில் ஒவ்வொரு நாளும் செய்ததை அண்ணல் ஓர் இரவில் செய்தார். அயலாரிடம் எந்த அளவு மனம் திறக்கலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைப் பிற குழந்தைகள் விளையாட்டாகக் கற்பர். நம் குழந்தைகள் அதைத் தாகத்தால் கற்றனர்.

இத்தகைய பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தந்தை என்ன செய்ய வேண்டும்? ராம்ஜி செய்தது நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. அவர் கண்டிப்பானவர், அதில் ஐயமில்லை. பம்பாயில் பரேல் பகுதியில் ஒரே அறையில் குடியிருந்தபோது, மகன் அமைதியாகப் படிக்க வேண்டும் என்று பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் பணமில்லையெனில் மணமான மகள்களிடம் செல்வார். மகளின் நகையை அடகு வைத்துப் புத்தகம் வாங்கி, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். இவையெல்லாம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவன. மேடைகளில் சொல்லப்படாத ஒன்று உண்டு. ராம்ஜி தம் பிள்ளைகளைக் கொண்டு வீட்டில் பாரதமும் இராமாயணமும் படிக்கச் செய்வார். 'இவற்றை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள்?' என்று மகன் கேட்டார். 'நாம் தீண்டப்படாதவர், உனக்குத் தாழ்வு மனப்பான்மை வருவது இயல்பு. துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்தனர் என்று பார். அவ்வெண்ணம் நீங்கும்' என்னும் பொருள்படத் தந்தை விடையளித்தார். மகனுக்கு அவ்விடை போதவில்லை. அக்கதை மாந்தர்களைத் தமக்குப் பிடிக்கவில்லை என்று காரணம் காட்டி மறுத்தார். தந்தை அடிக்கவில்லை, அதட்டவில்லை, மௌனமாக இருந்தார். 1956-இல் அண்ணல் தம் இறுதி நூலுக்கு எழுதிய முன்னுரையில் இதனை நினைவுகூர்ந்துள்ளார்.

அந்த மௌனம் பெரிது என்பது என் கருத்து. இழிவு என்ற ஒன்று இருக்கின்றது என்பதைத் தந்தை மகனிடம் மறைக்கவில்லை. அது மகனின் மனத்தை என்ன செய்யும் என்பதையும் அறிந்திருந்தார். தாம் சொன்ன மருந்தை மகன் ஏற்காதபோது, மறுத்துப் பேசும் உரிமையையும் அவனுக்கு விட்டுக்கொடுத்தார். வீட்டில் தந்தையிடம் மறுத்துப் பேசிப் பழகிய பிள்ளைதான் வெளியே நிகரானவனாக இன்னொருவனிடம் பேச முடியும். நட்பு என்பது நிகர்களுக்கிடையே பிறப்பது. அடங்கிப் போகவும் அடக்கவும் மட்டுமே கற்ற பிள்ளைக்கு எடுபிடிகள் கிடைப்பர், அல்லது எசமானர் கிடைப்பர், நண்பர் கிடையார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை ஆசிரியர் கணக்குப் போட அண்ணலைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. பிள்ளைகள் ஓடிச் சென்று கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை அகற்றிய பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது. அப்பாத்திரங்களைக் காலையில் கட்டிக் கொடுத்தவர்கள் அப்பிள்ளைகளின் அன்னையர். சோற்றோடு சேர்த்து இவ்வெண்ணத்தையும் கட்டிக் கொடுத்தனர்.

ஆயினும் அண்ணலுக்கு வாழ்நாள் நண்பர்கள் வாய்த்தனர். 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உடன் தங்கிய நாவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞர் அவருள் முதன்மையானவர். பின்னாளில் லண்டன் படிப்புக்குக் கடன் கொடுத்து உதவியவரும் அவரே. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த அண்ணலைப் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து வெளியேற்றியவர்களும் பார்சிகளே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சமூகத்தார் அனைவரையும் ஒரே தராசில் நிறுக்கும் பழக்கம் நமக்கும் வேண்டுவதில்லை.

நியூயார்க்கில் இருந்தபோது தம் தந்தையின் நண்பர் ஒருவருக்கு அண்ணல் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோர் பிள்ளைக்குப் பிறப்பைத்தான் தருவர், அதன் விதியைத் தருவதில்லை என்னும் பழங்கருத்தை நாம் கைவிட வேண்டும் என்றும், பிள்ளையின் எதிர்காலத்தை உருவாக்கப் பெற்றோரால் இயலும் என்றும், ஆண்கல்வியோடு பெண்கல்வியும் சேர்ந்து நடந்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்றும் அதில் எழுதினார். அப்போது அவர் இளைஞர்; தந்தை ராம்ஜி 1913 பிப்ரவரியில்தான் மறைந்திருந்தார்.

இனி, பள்ளி வாயிலில் பெற்றோர் நின்ற இரு காட்சிகள். ஒன்று நம் அண்டை நாடாக இருந்த திருவிதாங்கூரில். மற்றொன்று கடல் கடந்த அமெரிக்காவில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் இந்நோய் எந்த ஒரு நாட்டிற்கும் உரியதன்று என்பது விளங்கும்.

1910-களில் புலையர் மக்களின் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அரசாணை அவர் பக்கம் இருந்தது. ஆனால் மேல்சாதிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினர், கலவரம் மூண்டது, பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. தம் பிள்ளை படிக்கும் பள்ளி எரிந்தாலும் எரியட்டும், இவள் பக்கத்தில் அது அமரக் கூடாது என்று எண்ணிய பெற்றோரை என்னென்பது! 2022-இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது.

1960 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டுமே பயின்ற வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு மத்திய அரசுக் காவலர் நால்வர் சூழ நடந்து சென்றாள். அவள் தந்தைக்கு அவளை அங்கே அனுப்பத் தயக்கம். தாய்தான் உறுதியாக நின்றார். விளைவு என்ன? தந்தைக்கு வேலை போயிற்று. பாட்டனும் பாட்டியும் மிசிசிப்பியில் குத்தகைக்கு உழுத நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். பள்ளியிலோ வெள்ளைப் பெற்றோர் கூட்டம் கூட்டமாகத் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை ஒருவரே அவளுக்கு ஓராண்டு முழுதும் வெற்று வகுப்பறையில் தனியே பாடம் நடத்தினார். வாயிலில் நின்று நாள்தோறும் வசை பொழிந்த கூட்டத்தைக் கண்டும் ஏன் தனக்கு இது நேர்கின்றது என்பது அக்குழந்தைக்கு முழுதும் விளங்கவில்லை. ஆண்டின் பிற்பகுதியில் சில வெள்ளைக் குழந்தைகளோடு சேரும் வாய்ப்பு வந்தபோது, ஒரு சிறுவன் அவளிடம், 'உன்னோடு விளையாடக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்' என்று இழிசொல்லோடு காரணத்தையும் கூறினான். அப்போதுதான் தனக்கு எல்லாம் புரிந்தது என்று ரூபி பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். அச்சிறுவன் மீது தனக்குச் சினமில்லை என்றும், தன் தாய் ஒன்றைச் செய்யாதே என்றால் தானும் செய்திருக்க மாட்டாள் என்றும் அவர் சொல்வதுண்டு.

அச்சிறுவன் பொய் சொல்லவில்லை. பகை காட்டவும் இல்லை. விளையாட விரும்பியிருக்கவும் கூடும். வீட்டில் சொன்னதைக் கேட்டான், அவ்வளவே. கீழ்ப்படிதல் நற்பண்பு என்று நாம் வகுப்பறையில் நாள்தோறும் போதிக்கின்றோமே, அதனால் நிகழும் கேடு இது!

பெற்றோர் சொல்லாமலே குழந்தை இவற்றைக் கற்பதும் உண்டு. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர் தம்பதியர் 1940-களில் மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்து, எது பிடிக்கும், எது நல்ல பொம்மை என்று கேட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையோடு விளையாடவே விரும்பினர். தன் நிறத்துப் பொம்மையையே கெட்டது என்று காட்டிய குழந்தை, 'எது உன்னைப் போல் இருக்கின்றது?' என்ற கேள்வி வந்தபோது அழுதுகொண்டு ஓடியதும் உண்டு. 1954 மே 17 அன்று, இனம் பிரித்த பள்ளிகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வாய்வையும் சுட்டியது.

வீட்டின் ஆட்சிமுறைக்கும் நட்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோரும் உளர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத அறிஞர் கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்னும் இருவரோடு சேர்ந்து 1930-களின் இறுதியில் பத்து வயதையொத்த சிறுவர் குழுக்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். சில குழுக்களுக்கு அதிகாரம் செய்யும் தலைவர். சிலவற்றிற்குக் கலந்து பேசி முடிவெடுக்கும் தலைவர். சிலவற்றிற்கு எதிலும் தலையிடாத தலைவர். அதிகாரத்தின் கீழ் இருந்த சிறுவர்கள் தலைவர் எதிரில் அடங்கியிருந்தனர், தமக்குள்ளோ சண்டையிட்டனர், எளிய ஒருவனைக் குறிவைத்துத் துன்புறுத்தினர். தலைவர் வெளியே போனதும் வேலை நின்றது. கலந்து பேசிய குழுவில் தலைவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. சிறுவர்களுக்குள் நேசம் மிகுந்திருந்தது. ஆசிரியராகிய எனக்கு இதில் வியப்பேதுமில்லை. தலைமையாசிரியர் வெளியே போனதும் எவ்வகுப்பில் இரைச்சல் எழும், எவ்வகுப்பில் எழாது என்பதை எப்பள்ளியின் கடைநிலை ஊழியரும் சொல்வார்.

1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்னும் அம்மையார் பெற்றோரையே நேரில் ஆராய்ந்தார். அன்பும் விளக்கமும் கூடிய கண்டிப்பில் வளர்ந்த குழந்தைகள் தன்னம்பிக்கையும் கூடிப் பழகும் இயல்பும் கொண்டிருந்தன என்றும், விளக்கமற்ற கண்டிப்பில் வளர்ந்தவை ஒதுங்கியும் ஐயுற்றும் நின்றன என்றும், கட்டுப்பாடே இன்றி விடப்பட்டவை பொறுப்பில் பின்தங்கின என்றும் கண்டார். பிற நாட்டுப் பெற்றோரின் கண்டிப்பை இந்த அளவுகோலால் அப்படியே அளக்கலாகாது என்று பின்வந்த ஆய்வாளர் மறுத்ததும் நியாயமே. பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிய ராம்ஜியை இவ்வகைகளுள் எதில் அடைப்பது?

நம் நாட்டு நடப்புக்கு வருவோம். 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் இனத்துச் சத்துணவுப் பணியாளர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று எதிர்த்தவர்கள் பெற்றோரே. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பசியைப் போக்குவதோடு பந்தி வேற்றுமையும் போகும் என்று எதிர்பார்த்தவர் பலர். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பெருமளவு நிறைவேறியது என்பதை நான் என் பள்ளியில் அன்றாடம் காண்கின்றேன். தட்டை மாற்றி உண்ணும் பிள்ளைகளே அதிகம். தடை வருவது மாலையில், 'யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்?' என்று வீட்டில் கேட்கும்போது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் சிலர், உடன் பயின்ற நம் இன மாணவன் ஒருவனை அவன் வீட்டிற்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதனையடுத்துத் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் வண்ணக் கயிறு கட்டுவதையும், சாதியைக் காட்டும் மோதிரம், நெற்றிக் குறி முதலியவற்றையும் தடை செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கயிற்றைப் பள்ளி வாயிலில் அவிழ்த்துவிடலாம். பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் அக்கயிறு ஏறியபோது அதனை வீட்டில் ஒருவரும் காணவில்லையா?

இவ்வளவும் பிறர் வீட்டுக் குறை. நம் வீடுகளைப் பற்றி இம்மலரில் பேசாமல் வேறெங்கே பேசுவது? 'அந்தத் தெருவில் தண்ணீர் குடிக்காதே, அவர்கள் நம்மிலும் தாழ்ந்தவர்கள்' என்று நம்மவர் நம்மவரைப் பற்றியே பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? பறையர், பள்ளர், அருந்ததியர் என்று மூன்று தெருப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கின்றனர். விடுமுறைக்கு ஒருவன் வீட்டிற்கு மற்றவன் போய் இரவு தங்கிய செய்தியை நான் கேட்பது அரிதாகவே உள்ளது. கோணியில் அமர்த்தப்பட்டவர் வழிவந்த நாம் நம் திண்ணையில் யாருக்குக் கோணி போடுகின்றோம் என்று பார்க்க வேண்டும்.

அச்சத்தால் பூட்டி வைக்கும் பெற்றோரும் நம்மிடையே மிகுதி. 'யாரோடும் சேராதே, வம்பு வரும். படிப்பு மட்டும் பார்' என்பது அவர்கள் மந்திரம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு காதல் கடிதமோ ஒரு கிரிக்கெட் சண்டையோ தெருவையே கொளுத்திவிடக்கூடிய ஊரில் வாழ்கின்ற தாய் வேறெப்படிச் சொல்வாள்? ஆயினும் அவ்வாறு வளர்ந்த பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரிக்குப் போகின்றான். அங்கே விடுதி உணவுக்கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு எந்த மேசையில் அமர்வது என்று தெரியாமல் நிற்கின்றான். நேர்முகத் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. இரட்டைமலையார் மணி அடிக்கும் வரை வெளியே நின்றது வேறு வழியில்லாத காலத்தில். இக்காலத்தில் நம் பிள்ளையை நாமே வெளியே நிறுத்தலாமா?

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பள்ளி விட்டதும் தம்பியைத் தூக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். தோழி வீட்டிற்குப் போக அனுமதியில்லை. தோழி இங்கு வந்தாலும் உட்காரச் சொல்ல ஆளில்லை. அண்ணல் நியூயார்க்கிலிருந்து எழுதிய கடிதம் இவர்கள் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

'சாதியைப் பற்றிப் பிள்ளையிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?' என்று இளம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பிள்ளை கேட்கும் அன்றே சொல்லிவிடுவது நன்று என்பேன். 'ஏன் அவன் நம் வீட்டில் சாப்பிடமாட்டேன் என்கிறான்?' என்று கேட்ட பிள்ளையை, 'போய்ப் படி' என்று விரட்டினால், குறை தன்னிடம் இருப்பதாகவே அது கொள்ளும். குறை அவன் வீட்டில் அவனுக்குச் சொல்லப்பட்டதில் இருக்கின்றது என்று விளக்கினால் பிள்ளைக்குத் துன்பம் வரும், வெட்கம் வாராது. அந்த நண்பனைப் பகைக்க வேண்டியதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். ரூபியின் தாய் தன் மகளுக்கு வசை பாடியோருக்காகவும் வேண்டிக்கொள்ளக் கற்பித்தார். அந்த அளவு நம்மால் இயலாவிடினும், உடன் பயிலும் பிள்ளை வேறு, அவன் வீட்டார் வேறு என்று பிரித்துக் காட்டவாவது இயலும்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் கூடும்போதெல்லாம் நான் இரு கேள்விகள் கேட்பது வழக்கம். 'உங்கள் பிள்ளை சென்ற தேர்வில் கணக்கில் எவ்வளவு?' என்பது முதற்கேள்வி. தந்தையர் உடனே விடை சொல்கின்றனர். அரை மதிப்பெண்ணும் தவறுவதில்லை. 'வகுப்பில் பக்கத்தில் அமரும் பிள்ளையின் பெயர் என்ன?' என்பது இரண்டாவது. பெரும்பாலோர் மனைவியின் முகத்தைப் பார்க்கின்றனர். மனைவியர் சிலருக்குத் தெரிந்திருக்கின்றது. சிலர் அப்பெயரோடு தெருவையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர். வருகின்ற ஆண்டில் நம் கழகம் நடத்தும் பெற்றோர் கூட்டங்களில் இந்த இரண்டாம் கேள்வியை முதற்கேள்வியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம்.